வானொலிக் கட்டுப்பாட்டு மாதிரி வானூர்தி

வானொலிக் கட்டுப்பாட்டு மாதிரி வானூர்தி என்பது தரையில் நிற்கும் ஒருவர் வானொலி அலைகள் வழியாக இயக்கும் சிறிய வானூர்தி ஆகும். பேச்சு வழக்கில் இது ஆர்.சி. விமானம் எனப்படுகின்றது. உள்ளங்கையில் அடங்கும் சில கிராம் எடையுள்ள ஊர்திகள் முதல் இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய இருபது கிலோகிராம் ஊர்திகள் வரை இவற்றில் உண்டு. இவற்றைக் கட்டுவதும் பறக்க விடுவதும் உலகின் பல நாடுகளில் ஒரு பொழுதுபோக்காகவும் போட்டி விளையாட்டாகவும் உள்ளன.

மாதிரி வானூர்திக்கும் முழு அளவு வானூர்திக்கும் உள்ள வேறுபாடு அளவு மட்டும் அன்று. மாதிரியின் வானோடி ஊர்திக்குள் இல்லை. ஊர்தி சாய்வதை அவரது உடல் உணர்வதில்லை. காற்றின் இரைச்சல் மாறுவது காதில் விழுவதில்லை. பெரும்பாலும் வேகமானியும் இல்லை. தொலைவில் தெரியும் ஒரு சிறு உருவத்தைக் கண்ணால் பார்த்து அவர் அனைத்தையும் ஊகிக்க வேண்டும். இப்பொழுதுபோக்கின் நுட்பங்களிலும் விபத்துகளிலும் பெரும்பாலானவை இதிலிருந்தே தோன்றுகின்றன.

இக்கட்டுரை நிலைத்த இறக்கை கொண்ட ஊர்திகளைப் பற்றியது. நான்கு சுழலிகள் கொண்ட ட்ரோன்கள் வேறு வகையின. அவற்றில் பலவற்றில் இயக்குபவர் கையை எடுத்துவிட்டால் ஊர்தி நின்ற இடத்திலேயே மிதக்கும். இறக்கை கொண்ட ஊர்திக்கு அந்த வசதி இல்லை. அது முன்னோக்கிச் சென்றுகொண்டே இருந்தால்தான் காற்றில் இருக்கும்.

வரலாறு

மாதிரி வானூர்திகள் மனிதர் பறந்த வானூர்திகளுக்கு முந்தியவை. பிரான்சைச் சேர்ந்த அல்போன்சு பெனோ 1871இல் முறுக்கிய இரப்பர் நாடாவால் இயங்கும் ஒரு சிறிய ஊர்தியைப் பாரிசில் ஏறத்தாழ 40 மீட்டர் தொலைவு பறக்கச் செய்தார். பெனோவின் வடிவமைப்பைப் பின்பற்றிய ஒரு பறக்கும் பொம்மையை 1878இல் தந்தை ஒருவர் தம் பிள்ளைகளுக்கு வாங்கி வந்தார். அப்பிள்ளைகள் ரைட் சகோதரர்கள்.

வானொலி அலைகளால் ஓர் ஊர்தியைத் தொலைவிலிருந்து இயக்கலாம் என்பதை நிக்கோலா தெசுலா 1898இல் நியூயார்க்கில் ஒரு சிறு படகைக் கொண்டு காட்டினார். அதனை வானூர்திக்குக் கொண்டுவர மேலும் பல ஆண்டுகள் ஆயின. வெற்றிடக் குழல்களும் அவற்றுக்கு வேண்டிய கனத்த மின்கலங்களும் ஒரு சிறு ஊர்தி சுமக்கக்கூடிய எடையில் இல்லாததே காரணம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டையர் 1937இல் 'பிக் கஃப்' என்ற ஊர்தியை வானொலி வழி இயக்கிப் பறக்க விட்டனர். ஒருவர் மாதிரி கட்டுவதிலும் மற்றவர் தன்னார்வ வானொலியிலும் தேர்ந்தவர். அந்த ஊர்தி இன்று சிமித்சோனியன் நிறுவனத்தின் தேசிய வான்வெளி அருங்காட்சியகச் சேகரிப்பில் உள்ளது. அதே 1937இல் டிட்ராயிட் நகரில் நடந்த அமெரிக்கத் தேசியப் போட்டியில் வானொலிக் கட்டுப்பாட்டுப் பிரிவு முதன்முதலாக இடம்பெற்றது.

தொடக்க கால ஊர்திகளில் பெரும்பாலும் சுக்கான் ஒன்றையே இயக்க முடிந்தது. அதுவும் படிப்படியாகத் திரும்பாது. அலைபரப்பியின் பொத்தானை அழுத்தினால் ஊர்தியில் உள்ள ஒரு கொக்கி விடுபடும்; முறுக்கிய இரப்பர் நாடா சுக்கானை முழுவதுமாக ஒரு பக்கம் தள்ளும். அடுத்த அழுத்தலில் அது நடுநிலைக்கு வரும். அதற்கடுத்து எதிர்ப்பக்கம் திரும்பும். கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினோம் என்பதை வானோடி நினைவில் வைத்திருக்க வேண்டும். நினைவு தவறினால் ஊர்தி மரத்தை நோக்கித் திரும்பும். கை அசையும் அளவுக்கு ஏற்பக் கட்டுப்பாட்டுப் பரப்பும் அசையும் முறை 1960களில்தான் பரவலாயிற்று. வானொலிக் கட்டுப்பாட்டுச் சாகசப் பறப்புக்கான முதல் உலகப் போட்டி 1960இல் சுவிட்சர்லாந்தில் நடந்தது.

இப்பொழுதுபோக்கிலிருந்து ஒரு போர்த் தொழிலும் கிளைத்தது. ஆலிவுட்டில் நடித்து வந்த பிரித்தானிய நடிகர் ரெஜினால்ட் டென்னி மாதிரி வானூர்திகளில் ஆர்வம் கொண்டு அவற்றுக்கென ஒரு கடையும் நடத்தினார். பின்னர் பீரங்கிப் படையினர் சுட்டுப் பழகுவதற்கான வானொலி இலக்கு ஊர்திகளை அவரது ரேடியோபிளேன் நிறுவனம் இரண்டாம் உலகப் போரின்போது ஆயிரக்கணக்கில் செய்து கொடுத்தது. அத்தொழிற்சாலையில் வேலை செய்த நார்மா ஜீன் என்னும் இளம்பெண்ணை 1945இல் ஒரு படைப் புகைப்படக்காரர் படமெடுத்தார். அவரே பின்னாளில் மர்லின் மன்றோ என்று உலகறிந்த நடிகையானார்.

சிறிய ஊர்தியும் காற்றும்

ஒரு பெரிய வானூர்தியை அப்படியே சுருக்கிக் கட்டினால் அது பெரிய வானூர்தியைப் போலவே பறக்கும் என எண்ணுதல் இயல்பு. ஆனால் நீளத்தைப் பாதியாக்கினால் இறக்கையின் பரப்பு நான்கில் ஒன்றாகவும், கன அளவும் அதனுடன் எடையும் எட்டில் ஒன்றாகவும் குறைகின்றன. எனவே சிறிய ஊர்தியின் ஒவ்வொரு சதுர அடி இறக்கையும் குறைந்த எடையையே தாங்குகின்றது. அதனால் அது மெதுவாகப் பறக்க முடிகின்றது; விழுந்தாலும் பெரும்பாலும் பழுது பார்க்கக்கூடிய நிலையில் கிடைக்கின்றது. மறுபுறம், சிறிய இறக்கையின் மீது காற்றின் பிசுக்குமைத் தாக்கம் மிகுதி. ஆகையால் பயணிகள் வானூர்திக்கு வடிவமைத்த இறக்கை வடிவம் மாதிரிக்குப் பொருந்துவதில்லை. மாதிரிகளுக்கெனத் தனி வடிவங்கள் பயன்படுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு: 1.5 மீட்டர் நீளமும் 20 செ.மீ அகலமும் கொண்ட இறக்கையுடன் 1.2 கி.கி எடையுள்ள ஒரு பயிற்சி ஊர்தியைக் கொள்வோம். இது ஏறத்தாழ மணிக்கு 27 கி.மீ வேகத்துக்குக் கீழே சென்றால் இறக்கை தேவையான தூக்குவிசையைத் தர இயலாமல் போகும். இந்நிலை ஸ்டால் எனப்படும். இதே ஊர்தி 60 பாகை சாய்ந்து உயரம் குறையாமல் திரும்பும்போது இறக்கை தாங்க வேண்டிய சுமை இரு மடங்காகின்றது. அப்போது ஸ்டால் வேகம் 27இலிருந்து 38 கி.மீ அளவுக்கு உயர்கின்றது. நேராகச் செல்லும்போது போதுமானதாக இருந்த 35 கி.மீ வேகம் திருப்பத்தில் போதாமல் போய்விடும்.

புதியவர்களின் ஊர்திகள் அதிகமாக விழுவது இவ்விடத்தில்தான். காற்று மணிக்கு 15 கி.மீ வேகத்தில் வீசுவதாகக் கொள்வோம். ஊர்தி காற்றை எதிர்த்து 40 கி.மீ வேகத்தில் பறக்கையில், தரையில் நிற்பவருக்கு அது 25 கி.மீ வேகத்தில் ஊர்வதாகத் தெரியும். திரும்பிக் காற்றோடு செல்லும்போது அதே ஊர்தி 55 கி.மீ வேகத்தில் பாய்வதாகத் தெரியும். இறக்கையைப் பொறுத்தவரை வேகம் மாறவே இல்லை. ஊர்தி கட்டுக்கடங்காமல் விரைகின்றது என்று எண்ணி வானோடி விசையைக் குறைக்கிறார். தரையிறங்குவதற்காகத் தாழ்வாக, கூர்மையாக ஒரு திருப்பம் எடுக்கிறார். ஒரு பக்க இறக்கை திடீரெனத் தாழ்ந்து ஊர்தி சுழன்று விழுகின்றது. அலைபரப்பி பழுது என்று பலர் கருதும் விபத்துகளில் அலைபரப்பி நன்றாகவே இருந்திருக்கும்.

கட்டுப்பாடு

வழக்கமான ஊர்தியில் நான்கு கட்டுப்பாடுகள் உண்டு. பேச்சு வழக்கில் இவை சானல்கள் எனப்படும். வாலின் கிடைத்தட்டில் உள்ள எலிவேட்டர் மூக்கை உயர்த்தும், தாழ்த்தும். வாலில் நிற்கும் சுக்கான் மூக்கை இடவலமாகத் திருப்பும். இறக்கைகளின் பின்விளிம்பில் உள்ள எய்லரான்கள் ஒன்று மேலும் மற்றொன்று கீழுமாக அசைந்து ஊர்தியைப் பக்கவாட்டில் சாய்க்கும். நான்காவது, பொறி அல்லது மோட்டாரின் வேகம்.

அலைபரப்பியில் இரண்டு கட்டுப்பாட்டுக் குச்சிகள் உள்ளன. எலிவேட்டரும் எய்லரானும் வலக் குச்சியிலும், வேகமும் சுக்கானும் இடக் குச்சியிலும் அமைவது இரண்டாம் முறை. வேகமும் எய்லரானும் வலப்பக்கமும், எலிவேட்டரும் சுக்கானும் இடப்பக்கமும் அமைவது முதலாம் முறை. அமெரிக்காவில் இரண்டாம் முறையும் ஜப்பானில் முதலாம் முறையும் பரவலானவை. எது சிறந்தது என்ற வாதம் பல பத்தாண்டுகளாக நடந்து வருகின்றது. கற்றுத் தருபவர் எந்த முறையைப் பயன்படுத்துகிறாரோ அதையே கற்பது நடைமுறைக்கு ஏற்றது.

ஊர்தி வானோடியை விட்டு விலகிச் செல்லும்போது குச்சியை வலப்புறம் தள்ளினால் ஊர்தியும் அவரது வலப்புறம் திரும்பும். அது அவரை நோக்கி வரும்போது, குச்சியின் வலம் அவருக்கு இடமாகத் தெரியும். மிதிவண்டி ஓட்டுதல் போல இது உடலில் படிய வேண்டிய பழக்கம். சிந்தித்துச் செய்ய நேரம் இருப்பதில்லை. மணிக்கு 60 கி.மீ வேகத்தில் கீழ்நோக்கி வரும் ஊர்திக்கு 50 மீட்டர் உயரம் என்பது மூன்று வினாடிகள். இதற்குப் பழைய கைகள் சொல்லித் தரும் ஒரு வழி உண்டு. ஊர்தி தன்னை நோக்கி வரும்போது எந்த இறக்கை தாழ்கின்றதோ, அந்தப் பக்கம் குச்சியைத் தள்ள வேண்டும். சாயும் சுவருக்கு முட்டுக் கொடுப்பது போல. அப்போது இடம் வலம் என்ற குழப்பமே எழுவதில்லை.

இன்னொரு சிக்கல், ஊர்தி எந்தப் பக்கம் பார்க்கின்றது என்பதே தெரியாமல் போவது. 1.5 மீட்டர் இறக்கை கொண்ட ஊர்தி 300 மீட்டர் தொலைவில் முழுநிலவின் அகலத்தில் பாதியைவிடச் சற்றே பெரிதாகத் தெரியும். மேகமூட்டமான வானில் அது ஒரு கருநிழல் மட்டுமே. மேற்புறமா அடிப்புறமா, வருகின்றதா போகின்றதா என்று கூற இயலாது. இதனால்தான் இறக்கையின் மேற்புறத்துக்கு ஒரு நிறமும் அடிப்புறத்துக்கு அடர்ந்த பட்டைகளும் இடுகின்றனர். அழகுக்காகச் செய்தது போலத் தோன்றும் இந்த வண்ணங்கள் உண்மையில் வானோடியின் கருவிகள்.

வானொலி இணைப்பு

குச்சியின் அசைவை அலைபரப்பி குறிகைகளாக மாற்றி அனுப்புகின்றது. ஊர்தியில் உள்ள அலைவாங்கி அவற்றைப் பெற்று, ஒவ்வொரு சானலுக்கும் உரிய சர்வோ என்னும் சிறு கருவிக்குத் தருகின்றது. சர்வோவில் ஒரு சிறு மோட்டாரும் பற்சக்கரங்களும் தன் நிலையை அளக்கும் ஓர் உணரியும் உள்ளன. வழக்கமான சர்வோவுக்கு ஏறத்தாழ 20 மில்லிவினாடிக்கு ஒரு துடிப்பு வருகின்றது. துடிப்பின் நீளம் 1.5 மில்லிவினாடி என்றால் சர்வோ நடுவில் நிற்கும். 1 மில்லிவினாடி என்றால் ஒரு முனைக்கும், 2 மில்லிவினாடி என்றால் மறுமுனைக்கும் செல்லும். காற்று கட்டுப்பாட்டுப் பரப்பைத் தள்ளினாலும் சர்வோ தன் நிலையை ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும். எளிமையும் உறுதியும் கொண்ட இந்த ஏற்பாடு பின்னர் எந்திரனியல் மாணவர்களின் கைகளுக்கும் வந்து சேர்ந்தது.

2000களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் 72 மெகாகெர்ட்சு பட்டையும் ஐரோப்பாவில் 35 மெகாகெர்ட்சு பட்டையும் வானூர்திகளுக்குப் பயன்பட்டன. அமெரிக்கப் பட்டையில் 50 அலைத்தடங்கள் இருந்தன. ஒவ்வோர் அலைபரப்பியும் அதனுள் பொருத்திய படிகத்துக்குரிய ஒரே தடத்தில் இயங்கும். ஒருவர் பறக்க விட்டுக்கொண்டிருக்கையில் அதே தடத்தில் இன்னொருவர் தம் அலைபரப்பியை முடுக்கினால் போதும். முன்னவரின் ஊர்தி கட்டுப்பாடிழந்து விழுந்துவிடும். வண்டி நிறுத்துமிடத்தில் சும்மா சோதித்துப் பார்த்தவர்கூட மற்றவரின் பல மாத உழைப்பை அழித்துவிட முடிந்தது. இதைத் தடுக்கச் சங்கங்கள் கண்ட வழி மிக எளியது. திடலின் முகப்பில் ஒரு பலகை. அதில் தட எண் எழுதிய துணிக் கவ்விகள். தன் தட எண்ணுக்குரிய கவ்வியைக் கையில் வைத்திருப்பவர் மட்டுமே அலைபரப்பியை இயக்கலாம். ஒரு தடத்துக்கு ஒரு கவ்வி மட்டுமே இருந்தது.

2.4 கிகாகெர்ட்சு பட்டையில் இயங்கும் கருவிகள் 2005ஆம் ஆண்டு முதல் பரவத் தொடங்கியபின் இந்தக் கவ்விகள் தேவையற்றுப் போயின. இவை சமிக்ஞையைப் பல அதிர்வெண்களில் பரப்பியோ, விரைவாகத் தாவியோ அனுப்புகின்றன. ஒவ்வோர் அலைவாங்கியும் தன்னுடன் இணைத்த அலைபரப்பியின் அடையாளக் குறியை மட்டுமே ஏற்கும். ஆகவே பலர் ஒரே நேரத்தில் பறக்க விட முடிகின்றது. ஒரு மீட்டர் நீளம் தொங்கிய அலைக்கம்பி மூன்று செ.மீ அளவுக்குச் சுருங்கியது. இணைப்பு அறுந்தால் விசையை நிறுத்தி, கட்டுப்பாடுகளை முன்குறித்த நிலையில் வைக்கும் ஏற்பாடும் இவற்றில் உண்டு. இருப்பினும் பறக்க விடுமுன் அலைபரப்பியின் திறனைக் குறைத்து வைத்து, சில பத்து அடி தள்ளி நின்று கட்டுப்பாடுகளைச் சோதிக்கும் பழைய வழக்கம் கைவிடத் தக்கதன்று.

பொறியும் மின்மோட்டாரும்

1940களின் இறுதியிலிருந்து பல பத்தாண்டுகள் இத்துறையை ஆண்டது ஒளிர்முனைப் பொறி. இதன் எரிபொருள் மெத்தனால், நைட்ரோமீத்தேன், ஆமணக்கு எண்ணெய் அல்லது செயற்கை எண்ணெய் ஆகியவற்றின் கலவை. பொறியின் தலையில் பிளாட்டினம் கலந்த ஒரு சுருள்கம்பி உள்ளது. தொடங்கும்போது மட்டும் அதை மின்கலத்தால் சூடேற்ற வேண்டும். பின்னர் மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் வினையூக்கத்தால் கம்பியைத் தானே சிவந்த நிலையில் வைத்திருக்கும். பொறி ஓயாமல் இரைந்து, பறந்து முடிந்தபின் ஊர்தி முழுவதும் எண்ணெய் பூசிவிடும். அந்த ஆமணக்கு மணத்துக்காகவே இதை விடாதவர்கள் உண்டு.

இன்று பெரும்பாலோர் பயன்படுத்துவது தூரிகையற்ற மின்மோட்டாரும் லிப்போ எனப்படும் லித்தியம் பாலிமர் மின்கலமும் ஆகும். மின்னோட்டப் பறப்பைத் தடுத்து வைத்திருந்தது மோட்டாரைவிட மின்கலத்தின் எடையே. மேலே கூறிய பயிற்சி ஊர்திக்கு மூன்று அறைகள் கொண்ட 11.1 வோல்ட், 2200 மில்லி ஆம்பியர்-மணி அடுக்கு பொருந்தும். அதன் எடை 200 கிராமுக்கும் குறைவு. அதே ஆற்றலைப் பழைய நிக்கல்-காட்மியம் கலங்களில் சேமிக்க ஏறத்தாழ மூன்று மடங்கு எடை வேண்டும். இந்த அடுக்கிலிருந்து 20 ஆம்பியர் எடுத்தால் 222 வாட்டு கிடைக்கும். கணக்குப்படி அது ஆறரை நிமிடத்தில் தீரும். முழுவதும் வற்றவிடுவது கலத்தைக் கெடுக்கும் என்பதால் ஐந்து நிமிடத்தில் தரையிறக்குவது முறை. தொடர்ந்து முழு விசையில் யாரும் பறப்பதில்லை. ஆகவே நடைமுறையில் எட்டு, பத்து நிமிடங்கள் கிடைக்கின்றன.

லிப்போ அறை ஒன்றின் மின்னழுத்தம் 4.2 வோல்டைத் தாண்டக் கூடாது. 3 வோல்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது. மிகைமின்னேற்றிய, வீங்கிய அல்லது நசுங்கிய கலம் தீப்பற்றக்கூடும். மின்னேற்றும்போது அருகில் ஆள் இல்லாமல் விட்டுச் செல்வது வீட்டையே எரித்துவிடலாம். விழுந்து நொறுங்கிய ஊர்தியின் கலத்தை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், சிறிது நேரம் வெளியே தனியாக வைத்துக் கவனிக்க வேண்டும்.

கட்டுதல்

மரபான கட்டுமானப் பொருள் பால்சா மரம். இது தென் அமெரிக்காவில் இயற்கையாக வளர்வது. ஈக்குவடோரிலிருந்து பெருமளவில் ஏற்றுமதியாகின்றது. ஒரு கன மீட்டர் பால்சாவின் எடை வழக்கமாக 160 கி.கி அளவில் இருக்கும். தேக்கு இதைப்போல நான்கு மடங்கு கனம். மெல்லிய பால்சாத் தகட்டிலிருந்து இறக்கையின் விலா எலும்புகளை வெட்டி, நீளவாட்டுச் சட்டங்களில் கோத்து ஒட்டி, மேலே சூடேற்றினால் இறுகும் நெகிழித் தாளைப் போர்த்துவர். எரியும் விளக்கின் முன் பிடித்தால் எலும்புக்கூடு முழுவதும் தெரியும்.

பால்சாவின் இடத்தை இன்று நுரை நெகிழி பெருமளவு பிடித்துக்கொண்டது. தொழிற்சாலையில் வார்த்து வரும் ஊர்தியை ஒரு மாலையில் பொருத்திவிடலாம். கட்டும் கலை அழிந்துவிட்டது என்ற மனக்குறை மூத்தவர்களிடம் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருந்தாலும், நுரை வந்தபின் முதல் நாளே ஊர்தியை உடைத்து மனம் தளர்ந்து விலகுவோர் குறைந்துள்ளனர். பட்டம் கட்டிய கையும் தெர்மாகோல் அறுத்த கையும் ஒட்டுநாடாவைக் கொண்டு வீட்டிலேயே ஓர் ஊர்தியைக் கட்டிவிட முடிகின்றது.

எதில் கட்டினாலும் ஈர்ப்பு மையம் சரியாக இருத்தல் வேண்டும். வழக்கமான வடிவங்களில் அது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் அமைய வேண்டும். 20 செ.மீ அகல இறக்கைக்கு இது 5 முதல் 6.7 செ.மீ வரை. இரு விரல்களை அவ்விடத்தில் கொடுத்துத் தூக்கினால் ஊர்தி சற்றே மூக்குத் தாழ்ந்து நிற்க வேண்டும். மூக்குக் கனத்தால் ஊர்தி மந்தமாகப் பறக்கும், ஆனாலும் பறக்கும். வால் கனத்தால் மூக்கு உயர்ந்துகொண்டே போகும். வானோடி திருத்துவதற்குள் மறுபக்கம் கவிழும். மின்கலத்தை ஓர் அங்குலம் முன்னே தள்ளி வைப்பதில் தீர்ந்திருக்கக்கூடிய இந்தக் குறையால் முதல் பறப்பிலேயே உடைந்த ஊர்திகள் ஏராளம்.

பழகுதல்

பயிற்சி ஊர்திகள் யாவும் ஏறத்தாழ ஒரே சாயலில் இருப்பதற்குக் காரணம் உண்டு. இறக்கை உடலுக்கு மேலே இருக்கும். இறக்கையின் நுனிகள் நடுவைவிட உயர்ந்து அகன்ற 'வி' வடிவில் நிற்கும். ஊர்தி ஒரு பக்கம் சாய்ந்து சறுக்கினால், தாழ்ந்த இறக்கை காற்றைக் கூடுதல் கோணத்தில் சந்தித்துத் தானே மேலெழும். வானோடி குழம்பினால் குச்சிகளை விட்டுவிட்டாலே போதும். உயரம் இருந்தால் ஊர்தி தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ளும். ஆகவே புதியவர்களுக்கு உயரமே காப்பு.

கணினியில் பறப்புப் பாவிப்பு மென்பொருளில் சில மணிநேரம் பழகுவது மிகுந்த பயன் தரும். இடவலக் குழப்பத்தை அங்கே எத்தனை முறை விழுந்தும் தீர்த்துக்கொள்ளலாம். திடலில் பயிற்சி தருபவரின் அலைபரப்பியும் மாணவரின் அலைபரப்பியும் இணைக்கப்படும். பயிற்சி தருபவர் ஒரு விசையை அழுத்தியிருக்கும் வரை மாணவரிடம் கட்டுப்பாடு இருக்கும். விட்டவுடன் அது திரும்பி வந்துவிடும்.

டாம்-5

ஒரு மாதிரி வானூர்தி எவ்வளவு தொலைவு செல்ல முடியும் என்பதற்கு 2003ஆம் ஆண்டின் டாம்-5 சான்றாகும். இதனை உருவாக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் மேனார்டு ஹில். பால்சாவும் ஒட்டுப்பலகையும் கொண்டு கட்டிய இவ்வூர்தியின் இறக்கை ஏறத்தாழ 1.8 மீட்டர். உலக வான் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிப்படி எரிபொருளுடன் 5 கி.கி எடையைத் தாண்டக் கூடாது. அதில் ஏறத்தாழப் பாதி எரிபொருளே. மெத்தனாலின் ஆற்றல் பெட்ரோலிய எரிபொருளின் ஆற்றலில் பாதிக்கும் குறைவு. எனவே ஹில் ஒரு 10 கன செ.மீ பொறியை மாற்றியமைத்து, முகாம் விளக்குகளில் எரிக்கும் எரிபொருளில் ஓடச் செய்தார். அப்போது அவருக்கு வயது 77; சட்டப்படி பார்வையற்றவர் எனக் கொள்ளும் அளவுக்குக் கண்பார்வை மங்கியிருந்தது. விரல்களால் தடவி உணர்ந்தே பெரும்பகுதி வேலையைச் செய்தார்.

முந்தைய முயற்சிகள் தோல்வியில் முடிந்தன. 2003 ஆகத்து 9 அன்று கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் உள்ள ஸ்பியர் முனையிலிருந்து டாம்-5 புறப்பட்டது. கண்பார்வைக்கு அப்பால் வானோடியால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. புவிநிலை காணும் செயற்கைக்கோள் குறிகைகளைக் கொண்டு தன்னியக்கி ஒன்று ஊர்தியைச் செலுத்தியது. ஆகத்து 11 அன்று அயர்லாந்தின் கிளிஃப்டன் அருகே கடற்கரையில் காத்திருந்த குழுவினர் அதைக் கண்டு, கட்டுப்பாட்டை வாங்கித் தரையிறக்கினர். 3,030 கி.மீ தொலைவை 38 மணி 52 நிமிடத்தில் கடந்திருந்தது. சராசரி வேகம் மணிக்கு 78 கி.மீ. செலவான எரிபொருள் ஒரு கேலனுக்கும் குறைவு. அதாவது லிட்டருக்கு 800 கி.மீட்டருக்கும் மேல். 1919இல் அல்காக், பிரவுன் இருவரும் அட்லாண்டிக்கை முதன்முறையாக இடைநில்லாமல் பறந்து கடந்தபோது வந்திறங்கியதும் கிளிஃப்டன் அருகேதான். ஹில் 2011இல் காலமானார்.

மோட்டாரே இல்லாத ஊர்திகளின் சாதனையும் வியப்புக்குரியது. மலைமுகட்டின் பின்புறம் காற்று அடங்கிய பகுதிக்கும் மேலே வேகமாக வீசும் காற்றுக்கும் இடையே வட்டமிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் வேகம் திரட்டும் முறையில் ஒரு மிதவையூர்தி 2021 சனவரியில் கலிபோர்னியாவில் மணிக்கு 882 கி.மீ வேகத்தை எட்டியது. இது ஒரு பயணிகள் தாரை வானூர்தியின் வேகம்.

பாதுகாப்பும் சட்டமும்

ஒரு கிலோகிராம் எடை மணிக்கு 60 கி.மீ வேகத்தில் மோதினால் உயிர் போகக்கூடும். 1979 திசம்பரில் நியூயார்க்கின் சே விளையாட்டரங்கில் அமெரிக்கக் காற்பந்துப் போட்டியின் இடைவேளையில் நடந்த காட்சியில், புல்வெட்டி வடிவில் கட்டிய ஒரு மாதிரி ஊர்தி கட்டுப்பாடிழந்து பார்வையாளர்கள் மீது விழுந்தது. காயமடைந்தவர்களில் ஓர் இளைஞர் பின்னர் இறந்தார். ஆட்களின் தலைக்கு மேல் பறக்க விடக் கூடாது என்பது எல்லாச் சங்கங்களிலும் முதல் விதி. தரையில் நேரும் காயங்கள் பெரும்பாலும் சுழல்விசிறியால் ஏற்படுபவை. மின்கலம் இணைத்த மின்மோட்டார் எந்நேரமும் சுழலக்கூடும் எனக் கருதியே அதைத் தொட வேண்டும்.

ட்ரோன்கள் பெருகியபின் பல நாடுகளில் சட்டங்கள் இறுகின. பல பத்தாண்டுகளாகச் சங்கங்களின் ஒழுங்கில் நடந்து வந்த மாதிரி வானூர்திகளும் அவற்றின்கீழ் வந்தன. அமெரிக்காவில் 250 கிராமுக்கு மேற்பட்ட ஊர்திகளை வைத்திருப்போர் பதிவு செய்யும் முறை 2015 திசம்பரில் தொடங்கியது. இந்தியாவில் 2021 ஆகத்து மாதம் ட்ரோன் விதிகள் அறிவிக்கப்பட்டன. இவ்விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என வகுக்கின்றன. பச்சைப் பகுதியில் 400 அடி உயரம் வரை பறக்க விடலாம். சிவப்புப் பகுதிக்கு நடுவண் அரசின் அனுமதி வேண்டும். வானூர்தி நிலையங்களின் சுற்றுப்புறங்களுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன. பறக்க விடுமுன் அவ்விடம் எந்தப் பகுதியில் அடங்குகின்றது என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுதல் அவசியம்.

தமிழ்நாட்டில்

இந்தியாவில் மாணவர் பலருக்கு இத்துறை அறிமுகமாவது தேசிய மாணவர் படையின் வான்பிரிவில். அதன் பாடத்திட்டத்தில் மாதிரி வானூர்தி கட்டுதல் இடம்பெறுகின்றது. அகில இந்திய முகாமில் அதற்குப் போட்டியும் உண்டு. 1949இல் தொடங்கப்பட்ட குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் தொடக்க காலம் முதல் கற்பிக்கப்பட்டு வருகின்றது. அப்துல் கலாம் அங்கே படித்தவர். திரைப்பட நடிகர் அஜித் குமார் வானொலிக் கட்டுப்பாட்டு ஊர்திகளைப் பறக்க விடும் ஆர்வலராகவும் அறியப்படுகிறார். எம்.ஐ.டி. மாணவர்களின் தக்சா அணிக்கு அவர் 2018இல் ஆலோசகராக இருந்தார். மருத்துவ மாதிரியை ஆளில்லா ஊர்தியில் எடுத்து வரும் பணிக்காக அவ்வாண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த பன்னாட்டுப் போட்டியில் அவ்வணி இரண்டாம் இடம் பெற்றது.